நல்ல எண்ணெய்

தங்கை பெற்ற தங்கத்துக்கு,

உன் மாமன் நான் சிங்கம்போல் இருக்கிறேன். தூக்கம்தான் வரவில்லை. அது கொசுவால்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் என் தப்பு எதுவும் இல்லை என்று இந்தத் தெருவே சொல்கிறது. எள் உனக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? வறுவல் கடைக்காரனை அதட்டியேதான் கேட்டேன், “நல்ல எண்ணெயாய்யா?” என்று. “நல்லெண்ணெய்தான் அண்ணே, வேற ஊத்தவே மாட்டேன்” என்றான். நானும் மகிழ்ந்துபோய் வாங்கி வந்துவிட்டேன். எள்ளை ஆட்டி எடுத்த எண்ணெய்க்குப் போய் ‘நல்ல’ என்று பெயர் வைத்தவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்!

உனக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தபோது உன் பையிலிருந்த ஒவ்வாமை மருந்து ஊசிப் பேனாவைத் தொடையில் குத்தியது நான்தான் என்று தெருவில் சொல்லிவைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி டாக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார் என்றும். நீ வந்து மாற்றிச் சொல்லிவிடாதே.

இப்போது ஊசி இல்லாத பயிற்சிப் பேனா வாங்கி, என் தொடையிலேயே குத்திப் பழகுகிறேன். “தொடையென்ன தபாலாபீசா, எந்நேரமும் முத்திரை குத்துறீங்க?” என்கிறாள் உன் அத்தை. கை நடுக்கம் பாதி குறைந்துவிட்டது.

நடுவே எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். சும்மாதான்.

வீட்டில் சட்டி, கரண்டி எல்லாம் எள் படாத புதிது. “வேலை அதிகம் மாமா” என்று போனில் சொல்கிறாய். சரி. வரும்போது உன் சாப்பாட்டை நீயே டப்பாவில் கொண்டுவா. இங்கே தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
கொசுத் தொல்லையில் வாடும் உன் தாய்மாமன்