இடது பக்கம் இழுக்கும் வண்டி

மார்ச் 2, ஞாயிறு

ஸ்பிரிங் வேலை முடிந்தது. நான்கு சக்கரத்துக்கும் குட்டை ஸ்பிரிங். இதுவரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினவன் மாதிரி நின்ற வண்டி, இப்போதுதான் ஒழுங்காகத் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. இடது முன்பக்கத்தை நேற்றே ஜாக்கியில் தூக்கி முடித்துவிட்டேன். வலது பக்கம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. வண்டியை இறக்கிவிட்டு, மிச்ச போல்ட்களை இன்று காலை, சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, அடியில் படுத்து முறுக்கினேன். முதுகு போய்விட்டது.

அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பள்ளத்துல நிக்குதா, இல்ல வண்டியே இவ்ளோதானா?"

வண்டி என் பெயரில். வார நாட்களில் ஓட்டுவது அவள்தான். நீர்த்தேக்கத்து இறக்கம் வழியாகப் போய், மகள் பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, தான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குப் போவாள். லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கியர் மாற்றும்போது இன்னும் உதட்டைக் கடிக்கிறாள்.

மார்ச் 4

நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது. உயரத்தைக் குறைத்தால் சக்கரக் கோணம் மாறத்தான் செய்யும், எதிர்பார்த்ததுதான். அலைன்மெண்ட் கடையில் விட்டேன். திரையில் சிவப்பாக இருந்த எண்களையெல்லாம் கடைக்காரர் பச்சைக்குக் கொண்டுவந்தார். புது ஸ்பிரிங் புது மாப்பிள்ளை மாதிரி, முதலில் விறைப்பாகத்தான் இருக்கும், போகப் போக அடங்கும் என்றார்.

மார்ச் 7

பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்கிறாள் அக்கா. எல்லா எண்ணும் பச்சையில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேனே. "வண்டி இல்லக்கா, நீதான். ஸ்டியரிங்கப் பாம்பப் புடிக்கிற மாதிரி புடிக்கிற. கொஞ்சம் தளர்த்திப் புடி" என்றேன்.

சரி என்று போய்விட்டாள்.

மார்ச் 10

இன்று ஒன்றும் சொல்லவில்லை. பழகிவிட்டது போல.

மார்ச் 15, சனி

வண்டி கழுவும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினேன். இடது முன் டயரின் உள் ஓரம் மழித்தாற்போல் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் புது டயர். இரண்டே வாரத்தில் எப்படி?

நூல் கட்டி அளந்தேன். இடது சக்கரம் வெளிப்பக்கம் பார்க்கிறது. இடது மட்கார்டு வலதைவிட ஒரு விரல் உயரம். ஸ்பிரிங்கில்தான் கோளாறு என்று இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டேன். கோளாறு ஸ்பிரிங்கில் இருந்தால் உயரமும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. இடதுதான் இன்னும் உயரம்.

அப்படியென்றால் என்ன? வண்டியின் அடிச்சட்டம் வளைந்திருக்கிறதா? எங்கே, எப்போது?

உள்ளே தேய்ந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிவிட்டு மறுபடி அலைன்மெண்ட் கடை. மறுபடி பச்சை. "என் மெஷினுக்கும் உங்க வண்டிக்கும் ஜாதகப் பொருத்தம் இல்ல தம்பி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17

சாயங்காலம் பாப்பா எனக்கு ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தாள். "மாமா, அம்மா பிரேக் புடிக்கும்போது மூச்சே விட மாட்டாங்க. நானும் விட மாட்டேன். யாரு முதல்ல விடுறாங்களோ அவங்க அவுட்."

சாவியை எடுத்துக்கொண்டு தனியாக இறக்கத்துக்குப் போனேன். முதல் வளைவுக்கு முன்னால் சாலை காலி. வேண்டுமென்றே அழுத்திப் பிடித்தேன். வண்டி இடது பக்கம் பாய்ந்தது. இழுக்கவில்லை, பாய்ந்தது. சாலையோரக் கல்சுவர் பக்கக் கண்ணாடியை உரசும் அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது. காலை எடுத்ததும் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம், வண்டி தானாக நேராகிவிட்டது. ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து உட்காருகிறது. என்ன அது?

வீட்டுக்கு நடை வேகத்தில் வந்தேன். பின்னால் எல்லாரும் ஹாரன். அடிக்கட்டும்.

இதைத்தான் தினமும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பின் சீட்டில் பாப்பாவோடு. நான் என்ன சொன்னேன்? நீதான் என்றேன்.

அக்காவிடம் சொல்ல வேண்டும். என்னவென்று? ஏதோ சத்தம் வருகிறது என்றா? காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுச் சொன்னால்தான் அர்த்தம். காலையில் முதல் வேலையாக ஜாக்கி போட்டுப் பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மார்ச் 18

எழுந்தபோது வண்டி இல்லை. பள்ளியில் ஏதோ ஒத்திகையாம், சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

போன் அடித்தேன். எடுக்கல. எடுக்க மாட்டா — ஓட்டும்போது எடுக்கக் கூடாதுன்னு மிரட்டி வச்சதே நான்தான். மறுபடி அடிச்சேன், அடிச்சுக்கிட்டே பஸ்ஸுக்கு ஓடினேன். சட்டை மாத்தல. டிரைவருக்குப் பக்கத்துல கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டு ஒவ்வொரு வளைவிலும் சுவரப் பார்த்தேன். கல்லு பேந்திருக்கா, கண்ணாடித் துண்டு கிடக்கா. முதல் வளைவில் ஒண்ணும் இல்ல. அடுத்ததுலயும் இல்ல. கடைசி வளைவில் சுவர் ஓரமா நீளமா ஒரு நீலக் கோடு. எங்க வண்டி நீலம்.

அதற்குப் பிறகு பஸ் எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாது. கத்தினேன் போலிருக்கிறது, நிறுத்திவிட்டார்.

வண்டி இறக்கத்தின் அடியில் ஓரமாக நின்றது. இடது பக்கம் முழுக்க உரிந்து, கண்ணாடி ஒயரில் தொங்கிக்கொண்டு. அக்கா வெளியே நின்றாள். பாப்பா மைல்கல் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "என் தப்புதான்டா. மறுபடியும் இறுக்கிப் புடிச்சிட்டேன் போல. உன் வண்டிய வீணாக்கிட்டேன்."

"இல்லக்கா. வண்டிதான்."

என்னையே பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

அக்கா பாப்பாவின் பையைத் தோளில் மாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள். இரண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மார்ச் 20

வண்டியைக் கட்டி இழுத்து வந்து அலைன்மெண்ட் கடை லிஃப்டில் ஏற்றினோம். சட்டம் வளையவில்லை. சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் கையின் மூட்டில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. இடது பக்க ரப்பர் கிழிந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கை பின்னால் நகர்ந்திருக்கிறது. கடைக்காரர் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இன்று மாப்பிள்ளை, ஜாதகம் என்ற கேலி எதுவும் இல்லை.

காரணம் அதைப் பார்த்த கணமே தெரிந்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே அந்த மூட்டு போல்ட்டை முறுக்கிவிட்டேன். தொங்கும் நிலையிலேயே ரப்பர் இறுகிவிட்டது. வண்டியை இறக்கியதும் அத்தனை எடையும் அதைத் திருகியது; திருகிய ரப்பர் எதிர்த்துத் தள்ளியதால்தான் அந்தப் பக்கம் உயரமாக நின்றது. ஒவ்வொரு குழியிலும் இன்னும் திருகி, கடைசியில் கிழிந்தது. மெஷின் மேல் நிற்கும் வண்டி பிரேக் பிடிப்பதில்லை, அது பச்சைதான் காட்டும். தரையில் எடையோடு நிற்கும்போதுதான் இந்த போல்ட்டை இறுக்க வேண்டும். எனக்குத் தெரியும். மெக்கானிக் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அவசரம்.

வலது பக்கம் நன்றாக இருக்கிறது. அன்று மழை வந்ததால் அதை மட்டும் தரையில் வைத்து முறுக்கினேன். வேறு காரணம் இல்லை.

மார்ச் 23

புது புஷ் போட்டு, தரையில் வைத்து முறுக்கினேன். பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிட்டேன். இறக்கத்தில் அலுக்கும்வரை பிரேக் பிடித்துப் பார்த்தேன். கோடு கிழித்தாற்போல் போகிறது.

அக்காவிடம் சொன்னேன். நல்லது என்றாள்.

மார்ச் 24

அக்கா பஸ்ஸில் போனாள்.

மார்ச் 31

பஸ்தான். பாப்பா என்னிடம் பேசுகிறாள், அக்கா தேவைக்குப் பேசுகிறாள். சாவி கொக்கியிலேயே தொங்குகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் அக்கா சாவியை எடுத்தாள். "பாப்பா வேணாம். நீ வா." முன் கதவைத் திறக்கப் போனேன். "பின்னாடி உக்காரு. அவ உக்கார்ற இடத்துல."

அங்கிருந்து பார்த்தால் முன் சீட்டின் முதுகும் பக்கத்து ஜன்னலும்தான் தெரியும். ஜன்னல் முழுக்கச் சுவர். இவ்வளவு கிட்டத்தில் ஓடும் என்று நினைக்கவில்லை.

முதல் வளைவில் பிரேக் பிடித்தாள். வண்டி சாலை நடுப்பக்கம், வலது பக்கமாக விலகியது. எட்டி அவளைப் பார்த்தேன். கால் பிரேக்குக்குப் போகும்போதே கை ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்புகிறது. அடுத்த வளைவிலும் அப்படித்தான். எதிரே வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் ஓரம் கட்டினாள். கையை எடுக்காமலே, "இப்ப வலது பக்கம் இழுக்குதுடா" என்றாள்.

வண்டியில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும். 'நீதான்' என்பது நுனிநாக்கு வரை வந்தது.

"இரு அக்கா, பாக்கறேன்" என்று இறங்கி, ரோட்டில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தேன். ஒவ்வொரு போல்ட்டாகக் கை வைத்துப் பார்த்தேன். சற்று நேரத்தில் கதவு திறந்தது. அக்காவும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

"எது அது? எனக்கும் காட்டு."