மேட்டு மரங்களில் இல்லாத வளையம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கினால் அடுத்த வரியிலேயே அதை அடிக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்த வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும்தான், பயப்படாதே. மாத்திரை போட மறந்துவிட்டு, போட்டாயிற்று என்று என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். அண்ணிக்குத் தலைசுற்றல் நின்றதா? பெரியவன் கணக்கில் தேறினானா, இல்லை உன்னைப் போலவே தட்டுத்தடுமாறுகிறானா?

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ பேசிப் பேசியே என்னைக் கரைத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்து அதுதானே நடக்கிறது? இதில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுதாகப் படி.

நீ ரேஞ்சராக இருந்த காட்டில், மேட்டுச் சரிவில் இருநூறு மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டியிருந்தது போன வருடக் கணக்கெடுப்பில்தானே வெளியே வந்தது. அடிக்கட்டைகளைக்கூடத் தோண்டி எரித்துவிட்டிருந்தார்கள். எந்த வருடம் வெட்டினார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. என் கைக்கு வந்தது. சுற்றி மிஞ்சி நின்ற மரங்களைத் துளைத்து, பென்சில் பருமனில் குச்சி குச்சியாக எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வளையங்களை அளந்தேன். பக்கத்து மரம் போய்விட்டால் மிஞ்சிய மரத்துக்கு வெயிலும் தண்ணீரும் தாராளம். அதன் பிறகு வளையங்கள் பருத்துவிடும். பட்டையிலிருந்து உள்ளே எண்ணினேன். எட்டு வளையங்கள் பருத்திருந்தன. எட்டு வருடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உனக்குப் பின் வந்த கண்ணாடிக்காரர் பொறுப்பேற்ற முதல் வருடம். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அண்ணா, நான் எண்ணியது தப்பு.

போன வாரம் வெள்ள ஆய்வு ஒன்றுக்காக அதே காட்டின் ஓடைக்கரை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து ஆறாவது வளையம் தலைமுடி அளவுக்குத்தான் இருந்தது. மழை அடியோடு பொய்த்ததே, அந்த வருடம். மேட்டு மரங்களின் குச்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த மெல்லிய வளையம் ஒன்றில்கூட இல்லை. தண்ணீர் இல்லாத மேட்டில் நின்ற மரங்கள் அந்த வருடம் வளையமே போடவில்லை. அதற்கு உள்ளே உள்ள எல்லாம் ஒரு வருடம் தள்ளி நிற்கின்றன. வெட்டு நடந்து எட்டு வருடம் இல்லை, ஒன்பது வருடம். அது யார் காலம் என்று நான் எழுத வேண்டுமா?

ஓர் இடத்து மரங்களை மட்டும் நம்பாதே, வேறு இடத்து மரங்களோடு ஒப்பிட்டுப் பார் என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். பதினைந்து வருடம் இதே வேலை பார்த்தவள் அதைச் செய்யாமல் விட்டேன். மேலிடம் அவசரப்படுத்தியது. நீயும் அவசரப்படுத்தினாய். தீபாவளி பொங்கலுக்குக்கூட அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசாதவன், அந்த ஒரு வாரத்தில் மூன்று முறை என்னைக் கூப்பிட்டாய். அண்ணனுக்குத் தங்கச்சி வேலையில் என்ன அக்கறை பார் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன், மடச்சி. எட்டு வருடம் என்று நான் சொன்னதும், ‘நல்லதாப் போச்சு, சீக்கிரம் அனுப்பிடு’ என்றாய். வேலை முடிந்ததற்குச் சந்தோஷப்படுகிறாய் என்று நினைத்தேன். ஒரு வாரமாக அந்த வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடிக்காரர் அப்போதே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். சட்டை கசங்கி, பத்து வயது கூடியவர்போல் இருந்தார். தான் பொறுப்பேற்றபோதே அந்தச் சரிவு வெட்டவெளியாக இருந்ததாகவும், மேட்டுப் பக்கம் பாதை இடிந்து கிடந்ததால் அதைப் பார்க்கவே தனக்கு இரண்டு மாதம் ஆனதாகவும், அடிக்கட்டைகூட இல்லாததால் அது எப்போதும் வெட்டவெளிதான் என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னார். நான் பெரிய இவள் மாதிரி, மரம் பொய் சொல்லாது சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. ‘மரம் சொல்லாதும்மா. எண்ணுறவங்களுக்குத் தப்பலாம் இல்லையா? இன்னொரு தடவ பாருங்களேன்’ என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, ‘உங்க அண்ணன் மேல நான் ஒண்ணும் சொல்லல’ என்றார். அப்போது எனக்கு உறைக்கவில்லை. மறுபடி எண்ணிப் பார்க்கவும் இல்லை. இப்போது அவர் மனைவி எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நிற்கிறார். நான் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போகிறேன்.

பதினான்காம் தேதி கண்ணாடிக்காரருக்குக் கடைசி விசாரணை. அன்றைக்கு அவர் வேலை போய்விடும், வழக்கும் உண்டாம். திருத்திய அறிக்கையை எழுதிவிட்டேன், அண்ணா. பத்தாம் தேதி காலை கொடுக்கப் போகிறேன். என் பெயரும் நாறும். நாறட்டும். தப்பு என்னுடையது, அதை நான் சொல்லிக்கொள்வேன். உன்னுடையதை நான் சொல்லும்படி வைத்துவிடாதே. நீ கண்ணை மூடிக்கொண்டாயா, கையெழுத்தே போட்டாயா, யாராவது மிரட்டினார்களா, எனக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாமல்கூட இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். எப்படி இருந்தாலும் பத்தாம் தேதிக்கு முன்னால் கிளம்பி வா. மேலதிகாரியிடம் நீயாகப் போய்ச் சொல். நான் கூடவே வருகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நீ வந்து சொன்னால் எனக்கு அண்ணன் மிஞ்சுவான்.

முடித்துவிடலாம் என்று பார்த்தால் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்துத் தெரியாது, நல்லவேளை. தான் சொல்வதையும் எழுது என்று பிடிவாதம். சொன்னபடியே எழுதுகிறேன்: ‘எம் புள்ள நல்லா இருக்கணும். அத்தன வருஷம் காட்டுல வேல பாத்தும் ஒரு சொல்லுக்கு ஆளாகல, அது போதும் எனக்கு. அவனால ஒருத்தர் கண்ணு கலங்கினது இல்ல. அந்த மனசுக்கு அவன் புள்ளைங்களும் நல்லா இருக்கும்.’

எழுதிவிட்டேனா என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன் என்றேன். படித்துக் காட்டச் சொல்கிறாள், என்னால் முடியவில்லை. நீ வந்து படித்துக் காட்டு, அண்ணா.

உன் தங்கை,
வாயாடி