மெடிக்கலுக்கு முன் விழுங்கிய குளிசை

கல்முனைக்குடி

மகன் நிப்றாஸ்,

வாப்பாவின் பிரஷர் குளிசையைக் களவெடுத்து விழுங்கிவிட்டுத்தான் நீ கட்டார் வேலைக்கான மெடிக்கலில் பாஸானாய். இதைச் சொன்ன பிறகுதான் ஸலாம் சொல்ல வாய் வருகிறது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மூச்சோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ், நீயும் அப்படி இருக்க வேண்டுமென்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் அழுகிறேன்.

அங்கே உன் அறையில் இருக்கும் காலிதீன் லீவில் வந்து உன் பொதியைத் தந்தான், தேத்தண்ணி குடித்துக்கொண்டே சிரித்தான். "தெரியாதா சாச்சி, இவன் குளிசை போட்டுப் பிரஷரை இறக்கித்தானே மெடிக்கல் பாஸானவன், ஏஜென்சிக்காரன் சொல்லிக்குடுத்த வேல" என்றான். நீ மெடிக்கலுக்குப் போன அன்று காலை வாப்பா குளிசை அட்டையைக் காணாமல் உன் தங்கச்சி அப்றாவை ஏசியது எனக்கு நினைவு வந்தது. மெல்ல மெல்ல மற்றதையும் கேட்டெடுத்தேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினால் உனக்குக் காது இரைகிறதாம், போன மாதம் மூக்கால் இரத்தம் வந்ததாம், டொக்டரிடம் காட்டப் போனால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பேசாமல் படுத்துக் கிடந்தாயாம். போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்று வெட்டுகிறாய், பக்கத்தில் வாப்பா இருக்கும்போது நான் எப்படித் துருவுவது, அதனால்தான் காலிதீனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

வாப்பா மண்ணெண்ணெய் கியூவில் விழுந்ததை நீ கண்ணால் கண்டாய். நாட்டைத் தின்றவர்கள் ஏசிக்குள் இருந்தார்கள், தோணிக்காரர்கள் வெயிலில் கேனோடு நின்றார்கள், இடையில் புகுந்த ஒருவனோடு எல்லாரும்தான் கத்தினார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள், வாப்பாவுக்குத்தான் கை விழுந்து வாய் கோணியது. உன் சாச்சாவும் கரைவலைச் சண்டையில் நின்ற நிலையிலேயே மவுத்தானார். சூட்டு இரத்தக் குடும்பம் என்று ஊர் சொன்னது, நாமும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம்.

போன கிழமை வாப்பாவைக் காட்டப் போனபோது டொக்டரம்மா அப்றாவுக்கும் பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு மருந்துத் துண்டுச் சீட்டு எடுக்கப் போன இடத்தில் ஒருவன் பிள்ளையை நாயை ஏசுவது போல் ஏசினான், நடுங்கிக்கொண்டு வந்தாள், திரும்பப் பார்த்தால் ஏறிக் கிடந்தது, கனநேரம் இறங்கவில்லை. "ஏச்சு விழுந்தா எல்லாருக்கும்தான் ஏறும். தாய் தகப்பனுக்கு இருந்தா பிள்ளைக்குக் கூடுதலா ஏறலாம், இறங்கவும் சுணங்கும். இது குணமில்ல, உடம்பு" என்றார் டொக்டரம்மா. மகன் எங்கே என்று கேட்டார். கட்டார் என்றதும் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

ஒரு குளிசையால் மிஷினை ஏமாற்றி உன்னை விற்றான் ஏஜென்சிக்காரன், கமிஷன் அவனுக்கு, நரம்பு வெடித்தால் அது உன்னுடையது. கருவாட்டையும் ஊறுகாயையும் குறை. சூப்பர்வைசர் கத்தும்போது பதில் கொடுக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் கொடுக்காதே. திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், வாப்பாவைத் தூக்கி இருத்த எனக்கும் ஒரு ஆள் வேண்டும்.

அல்லாஹ் உன் தலையையும் நெஞ்சையும் காப்பானாக. பாங்கு கேட்டால் வேலையை விட்டு முகம் கை கால் கழுவி ஒழுவெடு, அந்தக் கொஞ்ச நேரமாவது இரத்தம் அடங்கட்டும்.

உன் உம்மா,
லைலா

நேற்று வாப்பாவுக்குக் கேட்காமல் குசினி அடுப்படியில் நின்று இதையே கேட்டு வொய்ஸ் அனுப்பினேன். கேட்டிருக்கிறாய், நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இல்லை. திரும்பவும் கேட்கிறேன் மகன். இது கிடைத்த அன்றைக்கே டொக்டரிடம் போய்க் கையை நீட்டு, உன் பிரஷர் எவ்வளவு என்று எனக்குச் சொல்லு.