கல்லூரி வாசலில் விட்ட செருப்பு

அன்புள்ள பிரவீனா,

நீயும் கயலும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே சிக்னல் கிடைப்பதில்லை. ஊருக்கு வரும் கண்ணுசாமியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் ராய்ப்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் போர்வெல் போட ரிக் வண்டியோடு போனோம். கோயிலுக்குப் போவதுபோல வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பிடிக்க உள்ளே நடந்தேன். தரை சுட்டுப் பாதம் கொப்பளித்தது, இப்போது ஆறிவிட்டது. அங்கே படிக்கும் ஒரு பெண் செருப்பை எடுத்துவந்து கொடுத்தாள். செங்கல் சூளையில் வேலை செய்யும் அவள் அப்பாவும் அவளைச் சேர்க்க வந்த அன்று இப்படித்தான் கழற்றினாராம்.

“நமக்கெல்லாம் காலேசு எதுக்குங்கப்பா, மில்லுக்கே போறனுங்க” என்று கயல் சொன்னது நினைவுக்கு வந்தது. பாவம், அவள் ஒரு கல்லூரிக்குள் கால் வைத்ததே இல்லை. நீயும்தான், போன வாரம் வரை நானும்தான். ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளை நாமக்கல் கல்லூரிக்குக் கூட்டிப் போ. மரத்தடியில் உட்காருங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளோடு அவள் பேசட்டும்.

கண்ணுசாமி திரும்பும்போது பருப்புப்பொடியும், கல்லூரியில் நீங்கள் எடுக்கும் போட்டோ ஒன்றும் கொடுத்துவிடு. பெரிய போட்டோவாக இருக்கட்டும்.

வண்டி கிளப்புகிறார்கள். வாசலில் உனக்கும் கால் தயங்கும். செருப்பைக் கழற்றிவிடாதே, பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பாள்.

நவநீதகிருஷ்ணன்