பதினாறு இல்லை, முப்பத்திரண்டு

பிர்ச் க்ரீக், மான்டானா
13 அக்டோபர் 1974, ஞாயிறு

என் தங்கை மகள் சிக்னிக்கு, ஓரின் மாமா எழுதுவது.

கழுதைக்காரன் ஃபெர்ரிஸ் இதை உன் கையில் கொடுத்ததும் வேறு வேலை பார்க்காதே. முதலில் துப்பாக்கியைத் திற. உள்ளே நான் செய்து கொடுத்த தோட்டா இருந்தால் எடுத்து வெளியே போடு. எடுத்த பிறகு மீதியைப் படி. நான் காத்திருக்கிறேன்.

எடுத்துவிட்டாயா? நல்லது. இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மா தோரா எல்க் மான் இறைச்சிக்காகக் கண்ணாடி ஜாடிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. என் இடுப்பு முன்னைக்கு எவ்வளவோ தேவலை. என் வயதில் இப்படி எலும்பு கூடி மருத்துவர் பார்த்ததே இல்லையாம், மாவட்டத்திலேயே இல்லையாம். ஆனாலும் சேணத்தில் ஏறி உட்கார முடியவில்லை. முடிந்திருந்தால் கடிதம் வந்திருக்காது, நானே வந்திருப்பேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கரடி இரண்டு தடவை உங்கள் வேட்டை முகாமுக்குள் வந்துபோனதையும், இறைச்சி தொங்கவிடும் கம்பத்தைச் சாய்த்ததையும், சமையல் கூடாரத்தைக் கிழித்ததையும் எழுதியிருந்தாய். அதையெல்லாம் நான் சாதாரணமாகத்தான் படித்தேன். கடைசியில் எழுதியிருந்தாயே, "நீங்க சொன்ன மாதிரியே கரடி முப்பது எட்டு தூரத்துக்கு வர்ற வரைக்கும் அசையாம நிப்பேன் மாமா, உங்க குண்டு ஒண்ணு போதும்" என்று, அதையும் சிரித்துக்கொண்டே படித்தேன். ஊரில் நாலு பேரிடம் வாசித்தும் காட்டினேன். இப்போது அந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஹில்மா வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் என்னைத் தோற்கடிக்கிற அதே ஹில்மாதான். நான் விட்டுக்கொடுப்பதால் ஜெயிக்கிறவள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். விட்டுக்கொடுக்கவில்லை, அவள் நன்றாகவே சுடுவாள். ஈயம் வாங்க வந்தவளிடம் உனக்காக வார்த்த குண்டைப் பெருமையாகக் காட்டினேன். ஒன்றேகால் அங்குலத்துக்கு மேலே நீளம், கையில் வைத்தால் கனக்கும், கரடியின் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறும் என்றேன். அவள் குண்டை உருட்டிப் பார்த்துவிட்டு, "குழலுக்குள்ள முறுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். குண்டைச் சுழற்றுகிற பள்ளம் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றேன். "அந்தக் காலத்துக் குழல்ல பதினாறா? எப்படி அளந்த?" என்றாள்.

செய்தே காட்டினேன். சுவரில் இருந்த என் துப்பாக்கியை மேசையில் கிடத்தி, துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கிச் சுற்றிக் குழலுக்குள் விட்டு, கம்பியின் மேல்பக்கம் சாக்கட்டியால் கோடு போட்டேன். கம்பியைத் தள்ளினால் பள்ளத்தின் முறுக்கோடு அதுவும் திரும்பும், கோடு நகரும். கோடு மறைந்து அடிப்பக்கம் போனதும் நிறுத்தி, எவ்வளவு நீளம் உள்ளே போயிற்று என்று அளந்தேன். உன் துப்பாக்கிக்கும் அப்படித்தான் செய்தேன்.

"ஓரின், கோடு இப்ப எங்க நிக்குது?" என்றாள்.

"கீழ."

"மேல இருந்த கோடு கீழ வந்தா அது அரைச் சுத்து. திரும்ப மேல வந்தாத்தான் ஒரு சுத்து. இத்தனை வருசமா துப்பாக்கி பத்திப் பேசுறியே, பம்பரமாச்சும் விட்டிருக்கியா?"

அரைச் சுற்றுக்குப் பதினாறு என்றால் முழுச் சுற்றுக்கு முப்பத்திரண்டு. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும் அது புரியும். உன் குழல் குட்டைக் குண்டுக்காக வெட்டியது, மெதுவாகத்தான் சுழற்றும். நீளமான குண்டுக்கு அந்தச் சுழற்சி போதாது. வேகம் செத்த பம்பரம் மாதிரி தலை ஆடும், பிறகு குப்புறப் புரண்டு பக்கவாட்டில் போய்ப் படும். படுகிற இடம் நீ குறிவைத்த இடமாக இருக்காது. பட்டாலும் கரடியின் தோலையும் கொழுப்பையும் தாண்டி உள்ளே போகாது. அதற்குக் கோபம்தான் வரும்.

நான் அளந்த அன்று ஃபெர்ரிஸ் பக்கத்தில் நின்றான். அவனுக்கு என் கரடிக் கதையைச் சொல்லிக்கொண்டே அளந்தேன். கதையில் கரடி எழுந்து நிற்கிற இடம் வந்தது. கையில் கோடு எங்கே போயிற்று என்று யார் பார்த்தது.

இன்னொன்று இருக்கிறது. இதை ஹில்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன் துப்பாக்கியை நூறு எட்டில் சுட்டுப் பார்த்ததாக உன்னிடம் சொன்னேன். மழை தூறியது, இடுப்பு வலித்தது, கொட்டகை வாசலில் நின்றே பதினைந்து எட்டில் ஐந்து தடவை சுட்டேன். குறி அட்டையில் மூன்று ஓட்டை வட்டமாக இருந்தது. இரண்டு கொஞ்சம் நீண்டிருந்தது. காகிதம் நனைந்ததால் கிழிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதன்மேல் புதுக் காகிதத்தை ஒட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஹில்மா அந்த அட்டையைத் தானே தேடி எடுத்து, மேல் காகிதத்தை உரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது குண்டு போன ஓட்டையா, எலி கடிச்ச ஓட்டையா?" என்றாள். நான் வாய் மூடி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதனாலேயே அவளும் பயந்துவிட்டாள்.

சிக்னி, நாற்பத்தெட்டாம் வருடம் நான் கொன்ற கரடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை நான் கொல்லவில்லை. ரயில் அடித்துத் தண்டவாளத்தோரம் கிடந்தது. நகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். முப்பது எட்டு வரை விடு, கண்ணைப் பார், மூச்சை அடக்கு என்பதெல்லாம் வருடத்துக்கு ஒன்றாக நான் சேர்த்தது. முதலில் அறுபது எட்டாகத்தான் இருந்தது, கேட்கிறவர்கள் வாய் பிளக்கட்டும் என்று குறைத்துக்கொண்டே வந்தேன். உயிரோடு ஒரு கரடியை நான் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. நீ ஆறு வயதிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். அதை நம்பி நீ இருட்டில் அசையாமல் நிற்பாய் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. நிற்காதே. சட்டியைத் தட்டு, எல்லோரையும் எழுப்பு, விளக்குகளை ஏற்று, குதிரைகள் பக்கம் போய்விடு.

ஃபெர்ரிஸை வெள்ளிக்கிழமையே கிளம்பச் சொல்லிக் கெஞ்சினேன். "பெருசு, லாடம் மாத்தாம கழுதைங்களப் பனியில ஏத்தினா நானும் போய்ச் சேரமாட்டேன், உன் கடுதாசியும் போய்ச் சேராது" என்றான். வன அலுவலகத்தில் போய்க் கேட்டேன். உங்கள் முகாமில் ரேடியோ இல்லை என்று வரைபடத்தைக் காட்டினார்கள். நாளை விடிந்ததும் கிளம்புகிறான். இரண்டு நாள் பாதை. கணவாயில் பனி விழுகிறது. இன்று ஞாயிறு, நீ செவ்வாய் மாலை இதைப் படிப்பாய். நடுவில் எத்தனை இரவு என்று எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஃபெர்ரிஸ் தரும் காப்பி டப்பாவில் இருபது தோட்டா இருக்கிறது. குட்டைக் குண்டு. வார்த்தவள் ஹில்மா, நான் ஈயத்தைக்கூடத் தொடவில்லை. அவளிடமும் உன்னுடையதைப் போலவே முப்பத்திரண்டு முறுக்குக் குழல் ஒன்று இருக்கிறது. நேற்று அதில் பத்துக் குண்டை நூறு எட்டில் சுட்டாள். எட்டுகளை நான் எண்ணினேன், அவள் திரும்ப ஒருமுறை எண்ணினாள். பத்தும் வட்டம். அந்தக் காகிதத்தையே மடித்து உள்ளே வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள். இந்த விஷயத்தில் என் வார்த்தையை எடுத்துக்கொள்ளாதே.

டப்பா இருந்தாலும் நீ அங்கே இருக்க வேண்டாம். ஃபெர்ரிஸ் சேணம் போட்ட கழுதை ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுவருகிறான். சாதுவான கழுதை. உன் முதலாளி சீசன் நடுவில் சமையல்காரியை விடமாட்டார், எனக்குத் தெரியும். அதற்காகத் தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். எனக்கு மாரடைப்பு, வாரம் தாங்காது, சிக்னியைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுத்து கோணலாக இருக்கும், அது நடிப்பு இல்லை. அதை அவரிடம் காட்டிவிட்டு ஏறி உட்கார். இத்தனை வருடம் நான் சொன்னதில் இந்த ஒரு பொய்யாவது உனக்கு உதவட்டும்.

ஆண்டவர் உன்னை முழுதாக என் வாசலில் கொண்டுவந்து விடட்டும். வந்ததும் என்னைத் திட்டு. ஊர் கேட்கத் திட்டு.

உன் மாமா,
ஓரின் ஸ்கார்