கடலில் விழுந்த வேன் சாவி

மே 8, வெள்ளி

வேனுக்கு எண்ணெய் மாற்றினேன். ஞாயிறு முக்குளிப்புக் கிளப்பைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும். கிளப்பில் முங்கக் கற்றுக்கொடுப்பவள் என் தங்கச்சி. வேன் ஓட்டுபவள் நான். ஐந்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு ஸ்டியரிங்தான் சிலேட்டு. மீன்களுக்கு டீச்சர் என்று அவளைக் கூப்பிடுவேன். முறைப்பாள்.

திங்கள் காலை அவளுக்கு விமானம். மாப்பிள்ளை வெளிநாடு போய் ஐந்து வருஷம். இப்போதுதான் இவளுக்கு விசா வந்தது. பெட்டி கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. அங்கே கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "கடலே கிடையாதுக்கா" என்றாள், சாக்ஸை மடித்துக்கொண்டே. அப்புறம் அதே சாக்ஸைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மே 9, சனி

நான் மேலே ஏறி உட்கார்ந்த பிறகுதான் பெட்டி மூடியது. என் எடைக்கும் ஒரு மரியாதை கிடைத்தது.

மே 10, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், அப்போதாவது புரிகிறதா என்று.

விமானம் ஏறப்போகிறவர்கள் முந்தின நாள் முங்கக் கூடாது. முங்கினால் ரத்தத்தில் காற்று தங்குமாம். அதோடு உயரே போனால், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். இதை எல்லாருக்கும் ஓயாமல் சொல்லுகிறவளே அவள்தான். அதனால் இன்று படகில் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனாலும் தன் காற்றுச் சிலிண்டரை நிரப்பி எடுத்து வந்திருந்தாள். அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்றாள்.

மற்றவர்கள் ரெண்டு தடவை முங்கி ஏறினார்கள். புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் மட்டும் ரெண்டாவது தடவை உப்புத்தண்ணீரைக் குடித்துவிட்டு சீக்கிரமே ஏறிவிட்டார். ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவருக்குத் தண்ணீருக்குள் வாயை மூடத் தெரியவில்லையே என்றேன். படகே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் தங்கச்சி பிஸ்கட் எடுக்க என் பையைத் திறந்தாள். ஏதோ பளிச்சென்று மின்னியது. தண்ணீரில் சின்னதாக ஒரு சத்தம்.

"அக்கா, வேன் சாவி போச்சு."

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, எல்லாரும் நீந்தியே வீடு போய்ச் சேருங்கள் என்றேன். கிளப் தலைவர் தன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். காலி. எல்லாருடையதும் காலி, பல் டாக்டருடையதில் மட்டும் பாதி. நிறைந்திருந்தது அவளுடையது ஒன்றுதான். நாளைக்கு ஃப்ளைட்டும்மா, மெக்கானிக்கை வரச் சொல்லிக்கலாம் என்று தலைவர் தடுத்துப் பார்த்தார். அதற்குள் அவள் முகத்தில் மாஸ்க் ஏறிவிட்டது. தனியாக யாரும் முங்கக் கூடாது என்பதால், பாதிக் காற்று மிச்சம் வைத்திருந்த பல் டாக்டரே கூடக் குதித்தார், பாவம்.

சாவியோடு ஏறி வந்தாள். மாஸ்க் அழுத்திய சிவப்பு வட்டத்துக்குள் முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை விசா வந்த நாளிலிருந்து நான் பார்க்கவில்லை. ஃப்ளைட் போச்சேடி என்றேன்.

"ஆமாக்கா, போச்சு."

ஈரத் தலையோடு வழி முழுக்கத் தூங்கினாள்.

ஒரு சாவிக்காகவா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மே 11, திங்கள்

விமானம் போய்விட்டது. இவள் இங்கே ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறாள். நான் சந்தோஷப்படலாமா, திட்டலாமா? ரெண்டும் மாறி மாறி வருகிறது.

மாப்பிள்ளையிடம் சாவிக் கதையைச் சொன்னாளாம். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, வேறு டிக்கெட் போட்டுக்கொள்ளலாம் என்றாராம். தங்கமான மனுஷன். அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் குழப்பம்.

மே 13, புதன்

வேன் கழுவினேன். முன் பம்பருக்குப் பின்னால் கையை விட்டேன், கம்பி குத்தியது. பார்த்தால், ரெண்டாவது சாவி. போன வருஷம் நான் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு முழித்தபோது, இனி இந்த வம்பே வேண்டாம் என்று தங்கச்சி தன் கையாலேயே கம்பியால் கட்டி வைத்தது.

அப்படின்னா? தெரிஞ்சேதான் குதிச்சாளா? பையிலேர்ந்து சாவி தானா விழுந்துச்சா, இல்ல — சிலிண்டரை எதுக்கு ரொப்பிக்கிட்டு வந்தா? அடிப்பாவி. போக இஷ்டமில்லைன்னா வாயால சொல்லக் கூடாதா?

மே 14, வியாழன்

அவளிடம் கேட்கவில்லை. கிண்டல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

மே 17, ஞாயிறு

மாப்பிள்ளை போன் செய்தார். புது டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று கேட்டிருக்கிறார். தங்கச்சி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். அப்புறம், "டிக்கெட் போடாதீங்க. எனக்கு அங்க வர மனசில்ல" என்றாள். அவர் என்ன சொன்னாரோ, இவள் ஜன்னல் கம்பியின் பெயின்டை நகத்தால் சுரண்டியபடி 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும் கேட்டேவிட்டேன். "பம்பர்ல ஒரு சாவி இருக்கே, அது உனக்கு ஞாபகம் இல்லையாடி?"

"இருந்துச்சு. உனக்கு?"

"நான் மறந்துட்டேன்."

"எதுக்குமே மூடாத வாய்க்கா உன்னுது. அன்னைக்கு அதை மட்டும் சொல்லாம, நீந்திப் போங்கன்னு ஜோக்கடிச்ச."

குரலில் கோபம் இல்லை. என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

மறந்துதானே போச்சு? அவ மாஸ்க் மாட்டுறப்போ அந்தப் பம்பர் என் கண்ணு முன்னாடி வந்துச்சா, இல்லையா? சத்தியமா தெரியல.

மே 31, ஞாயிறு

மாப்பிள்ளை டிசம்பரில் லீவுக்கு வருகிறாராம். அந்தக் கடலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கணுமாம். கோபமா, ஆசையா? குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. நீச்சல் தெரியுமா மாப்பிள்ளை என்று கேட்டேன். தெரியாதாம். பரவாயில்லை, டீச்சர் வீட்டிலேயே இருக்கிறாள் என்றேன். சிரித்த மாதிரிதான் இருந்தது.

அடுத்த வாரம் கிளப் மறுபடி கிளம்புகிறது. கூடத்துப் பெட்டியில் இப்போது அவளுடைய மாஸ்க்கும் துடுப்புக் காலணியும். நான் உட்காராமலே மூடுகிறது.

சாயங்காலம் பம்பருக்குப் பின்னால் அந்தச் சாவியைத் தொட்டுப் பார்த்தேன். கம்பியை இன்னும் ரெண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டு வந்தேன்.