செவ்வாய்க்கிழமை மழை

மச்சான்,

இடியாப்பம் ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாவி எப்பவும் வைக்கிற இடத்துல. நான் அம்மா வீட்டுக்குப் போயிட்டு மதியம் வந்துருவேன்.

கல்லல் வாஹித் அண்ணன் உங்க மழைமானியைப் பார்க்க பதினோரு மணிக்கு வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். செவ்வாய்க்கிழமை காலையில நீங்க அளந்து மழை அளக்கிறவுக வாட்ஸ்அப் குரூப்புல போட்ட நாப்பத்தோரு மில்லிமீட்டர் மழையே இல்லை. முந்தின நாள் நீங்க திருப்பத்தூர்ல இருந்தப்ப மோட்டாரை நிறுத்த மறந்துட்டேன். தொட்டி வழிஞ்சு மானிக்குள்ள தண்ணி விழுந்துருச்சு.

"கல்லல்ல பொட்டுத் தூறல் இல்லையே"ன்னு அவுக கேட்டதுக்கு, "என் மானி பொய் சொல்லாது"ன்னு சண்டை போட்டீக. எனக்குச் சொல்ல வாய் வரலை. அந்த எரிச்சல்லதான் நேத்து, "இந்தக் குப்பியவே கட்டிக்கிட்டு அழுங்க"ன்னு கத்திட்டேன்.

அரை மில்லிமீட்டருக்காக நீங்க மண்டிபோட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதை மாடிப்படியில நின்னு எத்தனை நாள் ரசிச்சிருக்கேன். அப்பேர்ப்பட்ட மனுசனைப் பொய் சொல்ல வச்சுட்டேன். அந்த நாப்பத்தொண்ணை அடிச்சுட்டு, என் பேரைப் போட்டே காரணம் எழுதுங்க.

சுபைதா

கோவத்துல வெள்ளனயே கிளம்பிட்டீக. ஆறு வருசத்துல முதல் தடவையா எட்டரைக்கு அளக்க ஆளில்லை. உங்க மழை நோட்டுல இன்னைக்குக் கட்டம் காலியா கிடக்க வேணாம்னு நானே மண்டிபோட்டுப் பார்த்தேன். மூணரை மில்லிமீட்டர். ரெண்டு தடவை பார்த்துத்தான் எழுதியிருக்கேன். மோட்டார் ஓடலை.